தரம் 6க்குப் பாடசாலை தேடுறவைக்கு

கொழும்பில வெள்ளவத்தையோ கொட்டாஞ்சேனையோ, சாதாரண தரப் பரீட்சையில ஒன்பது பாடத்திலயும் ஏ எடுத்தவையைக் காட்டிக் கேற்றில தொங்குற "9 ஏ" பெனரைப் பார்த்துப் பாடசாலையை எடைபோடாதேங்கோ. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின்ர வெட்டுப்புள்ளியில தெரிவான பிள்ளையள் எங்க படிச்சாலும் ஏ எடுப்பினம், பாதி வேலை டியூஷன்காரர் செய்தது. கேக்க வேண்டியது வேற: சாதாரண தரத்தில எத்தனை பேர் தோற்றி, கணிதத்தில எத்தனை பேருக்கு டபிள்யூ, அதாவது சித்தியில்லை? அதே பிள்ளையள் தரம் 6இல படிக்கேக்க எத்தனை பேர் இருந்தவை? அந்தத் தொகைக்கும் தோற்றின தொகைக்கும் பெரிய இடைவெளி எண்டால், பலவீனமான பிள்ளையள் இடையில எங்க போச்சினம் எண்டு விசாரியுங்கோ.

அதுக்குப் பிறகு கொப்பி. அங்க தரம் 8 படிக்கிற பிள்ளையின்ர கணிதக் கொப்பியை, இரண்டாம் தவணை முடிவில வாங்கிப் பாருங்கோ. வெறும் சரி அடையாளமும் திகதியும் மட்டும் இருந்தால் ஆசிரியர் வாசிக்கேல்லை. பிழைச்ச வரியில சிவப்புக் கோடு, கீழ பிள்ளை திருப்பிச் செய்த கணக்கு, அதுக்கும் ஒரு கையெழுத்து: இது இருந்தால் போதும், மிச்சத்தை நம்பலாம்.

நேரசூசியைக் கேளுங்கோ. ஆங்கிலம், விஞ்ஞானம், இரண்டாம் மொழிச் சிங்களம் மூண்டுக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கினமா? இடமாற்றத்தில ஒருவர் போனால் பதிலுக்கு ஆள் வர மாதக்கணக்காகும். அந்தப் பாடவேளையில பிள்ளை சும்மா இருக்கும்.

ஆய்வுகூடத்தில குழாயைத் திறந்து பாருங்கோ, தண்ணி வருதோ எண்டு. மலசலகூடத்துக்குத் தாழ்ப்பாளும் முக்கியம், பெண்பிள்ளையளைப் பெத்தவைக்குச் சொல்லத் தேவையில்லை.

மத்திய அரசின்ர தேசியப் பாடசாலையா, மாகாண சபையின்ர பாடசாலையா எண்டது கடைசிக் கேள்வி.