அப்பாவின் பார்வைப் பயிற்சி: டொங்காட்டிலிருந்து ஓர் அனுபவம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வடக்கே, நாங்கள் இருக்கும் டொங்காட்டில், கார் இல்லாமல் வயதானவர்கள் தனியாக எங்கும் போய்வருவது சிரமம். சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் அப்பாவுக்கு லேசான அறிதிறன் குறைபாடு இருப்பதாகத் தெரியவந்தபோது, பெயர்களும் தேதிகளும் நழுவிப்போவதைவிட, வண்டியை ஓட்டக்கூடாது என்று சொல்லிவிடுவார்களோ என்பதே அவருடைய பெரிய கவலையாக இருந்தது. அந்தக் கவலைதான் எங்களைப் பார்வைவழி மூளைப் பயிற்சியின் பக்கம் கொண்டுவந்தது. பெற்றோருக்கு இதே நிலை வந்து, என்ன செய்வது என்று தேடிக்கொண்டிருப்பவர்களுக்குப் பயன்படலாம் என்று இதை எழுதுகிறேன்.

மருத்துவர் செய்தது ‘மோக்கா’ என்னும் 30 மதிப்பெண் சோதனை. 26க்குக் கீழே போனால் மேற்கொண்டு பார்ப்பார்கள். பன்னிரண்டு ஆண்டுகளோ அதற்குக் குறைவாகவோ படித்தவர்களுக்கு ஒரு மதிப்பெண் கூட்டித் தருவார்கள். பதினொன்று பத்தைக் காட்டும் கடிகாரம் ஒன்றை வரையச் சொன்னபோது, அப்பா வட்டத்தையும் எண்களையும் ஆலையில் வரைபடம் போட்ட கையின் நேர்த்தியோடு வரைந்தார். ஆனால் பெரிய முள்ளை இரண்டில் வைக்காமல் பத்தில் வைத்தார். சொன்ன ஐந்து சொற்களில் பெரும்பாலானவை சில நிமிடங்களில் மறந்துவிட்டன. இது மறதிநோய் அல்ல, அன்றாட வேலைகளைத் தாமே செய்துகொள்கிறவர்களிடம் காணப்படும் இடைநிலை என்றும், சிலருக்கு இது முற்றும், சிலருக்கு அப்படியே நிற்கும், சிலர் மீண்டும் இயல்புக்கே திரும்புவதும் உண்டு என்றும் மருத்துவர் விளக்கினார். பி12, தைராய்டு ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனைகளை எழுதிக் கொடுத்ததோடு, அப்பா சாப்பிட்டு வந்த மாத்திரைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

பயிற்சியைத் தொடங்குமுன் கண்ணைச் சரிபார்க்க வேண்டும் என்று ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைத் தாமே செய்துகொள்ளப் பயிற்சி தருபவர்) கண்டிப்பாகச் சொன்னார். இந்த ஆலோசனைக்கு நான் எத்தனை முறை நன்றி சொன்னாலும் தகும். வலது கண்ணில் புரை முற்றியிருந்தது. அரசு மருத்துவமனையில் வரிசை நீளம். காத்திருந்து அறுவை சிகிச்சையை முடித்தோம். அதன் பிறகும் பைஃபோகல் கண்ணாடியோடு டேப்லெட் முன் உட்கார்ந்தால், கீழ்ப்பகுதி வழியாகப் பார்ப்பதற்காக மோவாயைத் தூக்கிக்கொண்டே இருந்தார். கால் மணி நேரத்தில் கழுத்து வலி வந்துவிடும். திரையின் தூரத்துக்கென்று தனிக் கண்ணாடி செய்த பிறகுதான் ஒழுங்காக உட்கார முடிந்தது.

பயிற்சிக்கு பிரெய்ன்எச்க்யூ செயலியில் உள்ள ‘டபுள் டிசிஷன்’ என்பதைத் தேர்ந்தெடுத்தோம். சந்தா டாலரில் என்பதால் நம் ராண்டுக்கு அது கொஞ்சம் கனம்தான். திரையின் நடுவில் ஒரு வண்டி தோன்றி மறையும். அதே கணத்தில் ஓரத்தில் எங்கோ ஒரு சாலைப் பலகையும் தோன்றி மறையும். நடுவில் வந்தது எந்த வண்டி, பலகை எந்தப் பக்கம் இருந்தது என்ற இரண்டையும் தொட்டுக் காட்ட வேண்டும். சரியாகச் சொல்லச் சொல்ல, படம் நிற்கும் நேரம் மில்லிவினாடிக் கணக்கில் குறைந்துகொண்டே போகும்; கவனத்தைக் கலைக்க வேறு உருவங்களும் சேர்ந்துகொள்ளும். தவறினால் நேரம் சற்றுக் கூடும்.

முதல் வாரத்தில் அப்பா பலகையைத் துரத்தினார். அதைப் பிடிக்கக் கண்ணை ஓரத்துக்கு ஓட்டுவார், அதற்குள் நடுவில் இருந்தது காராகவும் இருந்திருக்கலாம், லாரியாகவும் இருந்திருக்கலாம் என்றாகிவிடும். “நான் என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளையாம்மா?” என்று டேப்லெட்டைத் தள்ளி வைத்ததும் உண்டு. நடுவிலேயே பார்வையை வைத்திருங்கள், பலகையைத் தேடாதீர்கள், அது தானாகத் தெரியும் என்று தெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்தார். அது பிடிபட்டபின் தவறுகள் குறைந்தன. மற்றவை சின்னச் சின்ன விஷயங்கள்: வயதான விரல் உலர்ந்திருந்தால் திரை தொடுகையை ஏற்காது, அதனால் பக்கத்தில் ஈரத்துணி, சன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் கண்ணாடியில் வெளிச்சம் அடிக்கும், அதனால் நாற்காலியைத் திருப்பிப் போட்டோம். மதிய உணவுக்குப் பின் உட்கார்ந்தால் தூக்கம்தான் வரும்.

மூளைப் பயிற்சி என்ற பெயரில் விற்கப்படும் எல்லாவற்றையும் நம்பிவிடக் கூடாது. மறதியைத் தள்ளிப்போடும் என்பது போன்ற விளம்பரங்களுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்ற வழக்கில், மூளைப் பயிற்சி விளையாட்டுகளை விற்கும் லூமோசிட்டி நிறுவனம் 2016இல் அமெரிக்க வணிக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. நாங்கள் தேர்ந்தெடுத்த வகைக்குக் கொஞ்சம் வலுவான பின்னணி உண்டு. கார்லீன் பால், டேனியல் ரோன்கர் ஆகிய உளவியலாளர்கள், ஒரே பார்வையில் எவ்வளவு பரப்பைக் கவனிக்க முடிகிறது என்பதை ஆராய்ந்ததிலிருந்து பிறந்தது இது. ‘ஆக்டிவ்’ என்னும் அமெரிக்க ஆய்வில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன 2,832 பேர் கலந்துகொண்டனர். பயிற்சி பெற்றவர்களுக்கு ஐந்தாறு வாரங்களில் 10 அமர்வுகள். வேகப் பயிற்சி, அதாவது நாங்கள் தேர்ந்தெடுத்த இந்த வகைப் பயிற்சி, பெற்ற ஓட்டுநர்கள் தம் தவறால் உண்டாக்கிய விபத்துகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன என்று 2010இல் வெளியிட்டார்கள். ஆனால் அவர்கள் பெரும்பாலும் அறிதிறன் குறைபாடு இல்லாதவர்கள். அந்த ஆய்விலேயே நினைவாற்றல் குன்றியிருந்தவர்களைத் தனியாகப் பார்த்தபோது, நினைவுப் பயிற்சி அவர்களுக்குப் பலன் தரவில்லை. வேகப் பயிற்சியும் தர்க்கப் பயிற்சியும் தந்தன. அப்பாவுக்கு நாங்கள் இதையே தேர்ந்தெடுக்க அதுவே காரணம். உலக சுகாதார அமைப்பின் 2019 வழிகாட்டுதலும் இத்தகைய பயிற்சியை அளிக்கலாம் என்கிறது. சான்றின் தரம் குறைவு என்பதையும் அதுவே சொல்கிறது.

எங்கள் வீட்டில் கண்ட பலனும் அப்படித்தான். பேரனின் பெயரை மாற்றிக் கூப்பிடுவது குறையவில்லை. சாவியைத் தேடுவதும் குறையவில்லை. ஆனால் ஈஸ்டர் விடுமுறையில் மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் கோயில் திருவிழாக் கூட்டத்தில், பக்கவாட்டில் வருகிறவர்களைக் கவனித்து ஒதுங்கி நடந்தார். முந்தைய ஆண்டு என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தவர் அவர். இதில் கண்புரை அறுவைக்கு எவ்வளவு பங்கு, பயிற்சிக்கு எவ்வளவு பங்கு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

திரையில் கிடைத்த மதிப்பெண்ணை வைத்து வண்டி ஓட்டுவதைத் தீர்மானிக்கக் கூடாது என்பதில் தெரபிஸ்ட் உறுதியாக இருந்தார். ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை ஓட்டுநர் உரிம அட்டையைப் புதுப்பிக்கும்போது இங்கே கண்ணைச் சோதிப்பார்கள்தான், ஆனால் அந்தச் சோதனையால் கவனத்தின் வேகம் தெரியாது என்றார். எனவே அப்பாவைச் சாலையிலேயே ஓட்டச் சொல்லிப் பார்க்கும் தனி மதிப்பீட்டுக்கு அனுப்பினோம். பகலில், பழகிய வழிகளில், வெருலம் வரை ஓட்டலாம், நெடுஞ்சாலையும் இரவும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அப்பா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, பிறகு ஏற்றுக்கொண்டார். வாரத்தில் சில காலைகளில் பயிற்சியைத் தொடர்கிறார். அடுத்த ஆண்டு மோக்காவையும் சாலை மதிப்பீட்டையும் மறுபடி செய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதுவரை இரவுப் பயணங்களுக்கு என் தம்பி வண்டியை எடுக்கிறான்.