அப்பா பக்கம் கேட்காமல் விட்டது

கோத்தகிரியில் அறுவை மருத்துவராகப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. மார்பில் கட்டி என்று வருபவரிடம், "வீட்டில் வேற யாருக்காவது புற்றுநோய் இருந்ததா?" என்று கேட்பேன். "இல்லீங்க டாக்டர்" என்பார்கள். ஓ.பி. சீட்டில் அதை எழுதிவிட்டு ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிடுவேன். அரை நிமிட வேலை.

அரசுத் தேயிலைத் தோட்டமான டான்டீயில் கொழுந்து எடுக்கும் ஒரு அம்மாவும் அப்படித்தான் சொன்னார். வயது 38. ஆபரேஷன் முடிந்து தையல் பிரிக்க வந்த அன்று நல்ல மழை, பஸ் வரவில்லை. பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "எங்க அத்தை வயிறு ஊதித்தான் செத்துப் போனாங்க டாக்டர். நுவரெலியாவுல. யாரோ செய்வினை வச்சிட்டதாச் சொன்னாங்க."

அப்பாவின் அக்கா. தோட்டத் தமிழர்களைத் திருப்பி அனுப்ப 1964-இல் இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்தில் அப்பா இங்கே வந்துவிட்டார், அத்தை இலங்கையிலேயே நின்றுவிட்டார். அந்த வயிற்று வீக்கம் சினைப்பைப் புற்றாக இருந்திருக்கலாம். மார்பிலும் சினைப்பையிலும் புற்று வரும் வாய்ப்பைக் கூட்டும் பிஆர்சிஏ மரபணுப் பிழை அப்பா வழியாகவும் வரும். பிள்ளைக்கு இறங்கச் சரிபாதி வாய்ப்பு. முன்பே தெரிந்திருந்தால், ஒரு மார்பை எடுப்பதா இரண்டையுமா என்ற பேச்சையே அவரோடு உட்கார்ந்து பேசியிருப்பேன். நான் அப்பா பக்கம் கேட்கவே இல்லை.

மரபணுச் சோதனைக்கு ரத்தம் எடுத்து அனுப்பினோம். சில வாரம் கழித்து வந்த ரிப்போர்ட்டில் பிஆர்சிஏ2-இல் ஒரு மாற்றம், 'முக்கியத்துவம் தெளிவில்லை' என்ற குறிப்போடு. வெட்டி எடுத்தே பழகிய கை எனக்கு. சினைப்பையையும் எடுத்துவிடலாம் என்று வாய்வரை வந்துவிட்டது. நல்லவேளை, கோவையில் ஒரு மரபணு ஆலோசகருக்குப் போன் போட்டேன். "அதை வச்சு எதையும் எடுக்காதீங்க டாக்டர். அவங்க தங்கச்சிக்கும் இதை வச்சு டெஸ்ட் வேண்டாம். இந்த மாதிரி மாற்றங்கள் பெரும்பாலும் பின்னாடி தீங்கில்லாததுன்னு தெரிய வரும். குடும்ப விவரத்தை இன்னும் கேளுங்க" என்றார்.

அறுவை மருத்துவர் இந்த மரபணு வேலையைச் செய்யலாமா என்றால், மலையில் நாங்கள்தான் செய்தாக வேண்டும். கோவை போய்வர இவர்களுக்கு ஒரு நாள் கூலி போகும். கேட்பதும் ரத்தம் அனுப்புவதும் எங்களால் ஆகும். தெளிவில்லாத ரிப்போர்ட்டை மட்டும் நான் தனியாகப் படிப்பதில்லை.

இப்போது முதல் நாளே குடும்ப மரம் வரைய ஒரு வெள்ளைத்தாள் எடுத்துக்கொள்கிறேன். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம். "அப்பா கூடப் பிறந்தவங்க எத்தனை பேரும்மா? எதுல இறந்தாங்க?" அந்த அம்மாவின் தாளில் சிலோன் பக்கம் நான்கு வட்டங்கள் கேள்விக்குறியோடு நிற்கின்றன. அத்தை மகள் ஒருத்தியின் வாட்ஸ்அப் நம்பர் கிடைத்துவிட்டதாம். திங்கட்கிழமை கொண்டுவருகிறார்.