ஆட்டோகேட்டில் சந்தேகக் கோடு கிடையாது

கணினியில் கட்டடப் படம் வரைகிற ஆட்டோகேட் மென்பொருள் தெரியுமா என்று கேட்டால், சிவில் முடித்துவிட்டு வேலைக்கு வருகிற எல்லோரும் தெரியும் என்றுதான் சொல்கிறார்கள். அது பொய்யும் இல்லை. லைன், ஆஃப்செட், டிரிம், ஃபில்லெட், மிரர் எல்லாம் விரல் நுனியில் இருக்கும். சிலர் மெனு பக்கமே போகாமல், ஓரெழுத்து ஈரெழுத்துச் சுருக்கங்களைத் தட்டியே ஒரு பிளானை முடித்துவிடுவார்கள், பக்கத்தில் நின்று பார்த்தால் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பயிற்சி வகுப்பில் கொடுக்கிற படத்தில் எல்லா அளவும் எழுதியிருக்கும். சுவர் 200, அறை 3600க்கு 4200, கதவு 900, பார்த்து வரைய வேண்டியதுதான். அலுவலகத்தில் கைக்கு வருகிற படம் அப்படி இருக்காது. பாதி அளவைக் காணோம், இருக்கிற அளவிலும் சில ஒன்றோடொன்று ஒத்துப்போகாது, ஆர்க்கிடெக்ட் அனுப்பிய கிரிட் (தூண்கள் நிற்கிற அச்சுக்கோடுகள்) ஒன்று, ஸ்ட்ரக்சுரல் ஆட்கள் வைத்திருக்கிற கிரிட் இன்னொன்று. அந்த இடத்தில் என்ன செய்வது என்பதற்கு எந்த கமாண்டும் கிடையாது.

நான் படித்த காலத்திலும் முதலாமாண்டில் டிராஃப்டர் கருவியை வைத்துக் கையால் வரைவது இருந்தது, ஆனால் வேலை என்று வந்தபோது வரைபலகை போய்விட்டது. பலகையில் பல வருடம் வேலை பார்த்துவிட்டுக் கணினிக்கு மாறிய டிராஃப்ட்ஸ்மேன் ஒருவரின் பக்கத்து இருக்கையில் உட்காரும் வாய்ப்புக் கிடைத்தது. அவர் ஆட்டோகேட்டில் என்னைவிட மெதுவாகத்தான் போவார், ஆனால் அவர் படம் ஒன்றுகூடத் திரும்பி வராது. அவர் சொன்னது இது: பென்சிலில் வரையும்போது தெரிந்த கோட்டை அழுத்திப் போடுவோம், தெரியாத கோட்டை 2எச் பென்சிலால் லேசாகப் போட்டு வைப்போம், படத்தைப் பார்த்தாலே எது முடிவானது, எது இன்னும் பேச்சில் இருக்கிறது என்று தெரிந்துவிடும், இதில் எல்லாம் ஒரே மாதிரி நிற்கிறதே.

உண்மைதான். இந்த மென்பொருளில் டேப் வைத்து அளந்த சுவரும், 'இங்கேதான் எங்கேயோ இருக்கும்' என்று குத்துமதிப்பாகப் போட்ட சுவரும் ஒரே கனத்தில், ஒரே நிறத்தில், ஒரே தைரியத்தோடு நிற்கும். கட்டுபவருக்கு இரண்டும் ஒன்றுதான். ஆட்டோகேட்டைப் பற்றி வேலையில் நான் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி இந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1963இல் ஐவன் சதர்லேண்ட் எம்ஐடியில் தன் ஆய்வுக்காகச் செய்த ஸ்கெட்ச்பேட், திரையில் ஒளிப்பேனாவால் வரைகிற முன்னோடி மென்பொருள். அதில் இந்தக் கோடு அந்தக் கோட்டுக்கு இணை, இந்த இரண்டும் சம நீளம் என்று சொல்லி வைக்க முடிந்தது. அதாவது ஒரு கோடு ஏன் அங்கே இருக்கிறது என்பது படத்துக்கே கொஞ்சம் தெரியும். 1982இல் ஆட்டோகேட் வந்தபோது சாதாரண மேசைக் கணினியில் வரையலாம் என்பதே பெரிய விஷயம், அதனால் அது வரைபலகையின் வேலையை மட்டும் எடுத்துக்கொண்டது. இப்படி இணை, சமம், செங்குத்து என்று கட்டிவைக்கிற வசதி அதில் 2010 பதிப்பில்தான் சேர்ந்தது, சேர்ந்த பிறகும் நான் பார்த்த சிவில் அலுவலகங்களில் யாரும் அதைப் பெரிதாகத் தொடுவதில்லை. கோடு கோடாகவே இருக்கிறது, அது ஏன் அங்கே வந்தது என்பது வரைந்தவர் மண்டையில் மட்டும் இருக்கிறது, அவர் வேலையை விட்டுப் போனால் அதுவும் போச்சு.

அளவு விஷயத்துக்கு வருகிறேன். பழைய கட்டடம் ஒன்றை அளந்து வரைகிறோம் என்றால், டேப்பில் நமக்குக் கிடைப்பது ஐந்து மில்லிமீட்டர் அப்படி இப்படி. பூச்சு ஒரு பக்கம் புடைத்திருக்கும், மூலை சரியான 90 டிகிரியில் இருக்கவே இருக்காது. ஆனால் எஃப்8 தட்டி, கோட்டைக் கிடையாகவோ செங்குத்தாகவோ மட்டும் போக விடுகிற ஆர்த்தோவைப் போட்டுவிட்டால் எல்லா மூலையும் 90 ஆகிவிடும். படம் பார்க்க அழகாக இருக்கும், டைமன்ஷன் கேட்டால் தசமத்துக்குப் பின்னால் நாலு இலக்கம்கூடக் காட்டும். அந்த நாலு இலக்கத்தில் ஒன்றுகூட அளந்து வந்ததில்லை. அப்புறம் யாரோ அந்தப் படத்தை நம்பிக் கடையில் அலமாரிக்கு ஆர்டர் கொடுப்பார்கள், அது சுவருக்குள் நுழையாது.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் சைட்டிலிருந்து போன் வருவது பெரும்பாலும் இதற்குத்தான். 10000 மில்லிமீட்டரை மூன்று சம பாகமாகப் பிரிக்கிறோம். உள்ளே இருப்பது 3333.33, படத்தில் தசமம் வேண்டாம் என்று வைத்திருப்பதால் 3333 என்று மூன்று முறை தெரியும், மொத்தம் 10000 என்று மேலே தனியாக இருக்கும். சைட்டில் இருப்பவர் கூட்டிப் பார்ப்பார், 9999 வரும். ஒரு மில்லிமீட்டர்தானே என்று நாம் சொல்லலாம். அவர் கேட்பது அந்த ஒரு மில்லிமீட்டரைப் பற்றி அல்ல, மற்ற இடங்களிலும் இப்படித்தான் கூட்டல் இடிக்குமா என்பதைப் பற்றி. இதற்குச் சரியான வழி 3333, 3333, 3334 என்று நாமே முடிவெடுத்து அப்படியே வரைவது. தவறான வழி, டைமன்ஷன் எழுத்தை மட்டும் கையால் மாற்றுவது. அப்படி மாற்றிய எழுத்து அதற்குப் பிறகு கோடு எங்கே நகர்ந்தாலும் அசையாது, பழைய எண்ணையே சொல்லிக்கொண்டிருக்கும். அடுத்தவர் படத்தைத் திறந்ததும் நான் முதலில் தேடுவது இந்த மாதிரி கையால் எழுதிய எண்களைத்தான், ஒன்று அகப்பட்டால் அந்தப் படத்தில் மற்ற எதையும் அளக்காமல் நம்பமாட்டேன்.

இனி கான்கிரீட்டுக்குள் போகிற கம்பி. திரையில் கம்பிக்குக் கனம் இல்லை, இதைவிட ஆபத்தான விஷயம் எனக்குத் தெரிந்து வேறொன்று இல்லை. நீளவாட்டில் ஒற்றைக் கோடு, வெட்டுத் தோற்றத்தில் ஒரு கறுப்புப் புள்ளி, அந்தப் புள்ளியும் பெரும்பாலும் எங்கிருந்தோ காப்பி செய்த பிளாக், உண்மை விட்டத்தில் இருக்காது. 300 மில்லிமீட்டர் அகலமுள்ள காலம் (தூண்) ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் கம்பியை மூடுகிற கான்கிரீட்டான கவர் 40, கம்பிகளைச் சுற்றிக் கட்டுகிற வளையமான ஸ்டிரப் 8. மீதி 204. அந்த முகத்தில் 25 மில்லிமீட்டர் கம்பி நான்கு. நான்குக்கும் சேர்த்து 100 போனால் இடைவெளி மூன்றுக்கு 104, ஒவ்வொன்றும் சுமார் 35. சரி, கான்கிரீட் இறங்கும், படமும் நன்றாக இருக்கிறது. இப்போது லேப், அதாவது கீழ்க்கம்பியும் மேல்கம்பியும் கொஞ்ச தூரம் சேர்ந்து ஓடுகிற இணைப்பு, வருகிற மட்டத்துக்கு வாருங்கள். கீழேயிருந்து வருகிற நான்கு, மேலே போகிற நான்கு, பக்கத்தில் பக்கமாக வைத்தால் எட்டுக் கம்பி, 200 மில்லிமீட்டர். இருக்கிற இடம் 204. அதுவும் கம்பியின் பெயரளவு விட்டத்தை வைத்துப் போட்ட கணக்கு. மேலே இருக்கிற முண்டுகளைச் சேர்த்தால் 25 கம்பி 28 வரைக்கும் வரும், எட்டுக்கு 224. நுழையாது. இது போதாதென்று இரண்டு திசையிலிருந்தும் பீம் கம்பிகள் அதே முடிச்சுக்குள் வரும்.

சைட்டில் என்ன செய்வார்கள்? ஏதாவது செய்து நுழைத்துவிடுவார்கள், அதுதான் பயம். கம்பியை உள்பக்கம் வளைத்துத் தள்ளுவார்கள், டிசைன் செய்தவர் கணக்கில் வைத்திருந்த இடத்தில் கம்பி இருக்காது. 'சார், பேப்பர்ல கோடு போடறது ஈஸி, இங்க கை நுழைய எடமில்ல' என்று கம்பி கட்டுகிறவர் சொல்லும்போது அதில் கிண்டல் இருக்கும், முழு நியாயமும் இருக்கும். லேப்பை எல்லாக் கம்பிக்கும் ஒரே மட்டத்தில் வைக்காமல் மாற்றி மாற்றி வைப்பது, கம்பிகளை முனையோடு முனை இணைக்கிற கப்ளர் போடுவது, காலம் அகலத்தைக் கூட்டச் சொல்லி டிசைன் செய்தவரிடம் சண்டை போடுவது என்று வழிகள் இருக்கின்றன. எல்லாமே படம் வெளியே போவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை. நெருக்கடியான முடிச்சு என்று தோன்றினால் அந்த ஒரு இடத்தை மட்டும் கம்பியின் உண்மை விட்டத்தில் இரட்டைக் கோடாக வரைந்து பார்ப்பது என் வழக்கம். அதிக நேரம் எடுக்காது. வெளியே அனுப்புகிற படத்தில் அது வேண்டியதில்லை, நமக்குத் தெரிந்தால் போதும்.

யூனிட், லேயர், எக்ஸ்ரெஃப், வியூபோர்ட் ஸ்கேல் பற்றியெல்லாம் இங்கே நீட்டவில்லை, அதெல்லாம் செய்யச் செய்ய வந்துவிடும். ஒன்று மட்டும். சர்வேயிலிருந்து வருகிற படம் தொடக்கப் புள்ளியிலிருந்து வெகு தொலைவில், ஆறு ஏழு இலக்க எண்களில் உட்கார்ந்திருக்கும். பரப்பை நிரப்புகிற ஹேட்ச் கோடுகள் சரியாக விழாது, எரிச்சலாக இருக்கும். அதற்காக மூவ் போட்டு மொத்தத்தையும் பூஜ்யத்துக்கு இழுத்துவிடாதீர்கள். இழுத்துவிட்டு சேவ் செய்த அந்த நிமிடத்திலிருந்து அந்தப் படத்துக்கும் தரையில் அடித்திருக்கிற கல்லுக்கும் சம்பந்தமில்லை.

சர்வே என்றதும் கான்டூர், அதாவது தரையில் ஒரே உயரத்தில் இருக்கிற இடங்களை இணைக்கிற கோடு. சிவில் 3டி மாதிரியான மென்பொருளில் புள்ளிகளைக் கொடுத்தால் அது பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளை முக்கோணங்களாக இணைத்து, அதன் மேல் கான்டூரை ஓட்டிவிடும். புள்ளி நெருக்கமாக எடுத்த இடத்தில் முக்கோணம் சின்னதாக இருக்கும், கான்டூரும் நம்பத் தகுந்தது. புதர் மண்டிக் கிடந்ததால் யாரும் உள்ளே போகாத இடத்தில் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நீளமான ஒல்லி முக்கோணம் விழும். அதன் மேலும் கான்டூர் அதே வழவழப்போடு ஓடும். அந்தப் புதருக்குள் ஒரு ஓடை இருந்தாலும் படத்தில் சமதரைதான். கையால் கான்டூர் போட்ட காலத்தில் இப்படித் தெரியாத இடத்தைப் புள்ளிக்கோடாகப் போடுவது வழக்கம். இங்கே அதை நாமே கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது: கரை, பள்ளம், மேட்டின் முகடு எல்லாவற்றுக்கும் சரிவு மாறுகிற இடத்தைக் காட்டுகிற பிரேக்லைன் கொடுக்க வேண்டும், இத்தனை மீட்டருக்கு மேல் நீளமான முக்கோணம் வேண்டாம் என்று வரம்பு வைக்க வேண்டும். வரம்பு வைத்ததும் படத்தில் ஓட்டை விழும். ஓட்டை விழுந்த படத்தை மேலே அனுப்பினால் 'இது என்ன, முடிக்கவில்லையா?' என்று கேட்பார்கள். முடிக்கவில்லைதான், ஆள் போய் அளக்கவில்லை. அதைச் சொல்வதற்குத்தான் அந்த ஓட்டை.

முடிவாகாத பகுதியைச் சுற்றி மேகம் போல வளையம் போட்டு 'ஹோல்ட்' என்று எழுதுகிற பழக்கம் பெரிய தொழிற்சாலைத் திட்டங்களில் ரொம்ப காலமாக இருக்கிறது. பம்ப் எந்த நிறுவனத்திடம் வாங்குவது என்று முடிவாகவில்லை, அதனால் அஸ்திவார போல்ட்டின் இடம் ஹோல்ட், மற்றதைக் கட்டிக்கொள்ளலாம் என்று அர்த்தம். எனக்குத் தெரிந்து இதுவரை கணினிப் படத்தில் அந்த 2எச் பென்சிலுக்கு மிக அருகில் வந்தது இதுதான். சின்ன அலுவலகங்களில் இதைக் கொண்டுவருவது லேசில்லை. வளையம் நிறைய இருக்கிற படத்தைப் பார்த்தால் வரைந்தவர் சோம்பேறி என்று நினைக்கிறார்கள், வளையமே இல்லாத படத்தைப் பார்த்தால் கெட்டிக்காரர் என்கிறார்கள். எனக்கு நேர்மாறாகத் தோன்றும். வேலை தொடங்கிய முதல் மாதத்திலேயே ஒரு சந்தேகமும் இல்லாத படம் வந்தால் யாரோ நிறையக் கற்பனை செய்திருக்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

கோட்டுக்குப் பதில் கட்டடத்தையே முப்பரிமாண மாடலாக அமைக்கிற ரெவிட் போன்ற பிம் மென்பொருள்கள் வந்ததும் இது தீர்ந்துவிடும் என்று நினைத்தவர்கள் உண்டு. ஒரு வகையில் இன்னும் மோசமாகியிருக்கிறது. ஆட்டோகேட்டில் சுவர் என்றால் இரண்டு கோடு. ரெவிட்டில் சுவர் என்றால் அதற்கு வகை வேண்டும், கனம் வேண்டும், உயரம் வேண்டும், உள்ளே என்ன அடுக்கு என்று வேண்டும். நாம் இன்னும் முடிவு செய்யாததை அது இப்போதே கேட்கிறது. வேலை ஓடவேண்டுமே என்று டீஃபால்ட்டாக இருப்பதை அழுத்திவிட்டுப் போகிறோம். பிறகு அதிலிருந்தே ஷெட்யூல் (உறுப்புகளின் பட்டியல்) எடுத்து அளவு போட்டு, டீஃபால்ட் சுவருக்கு எத்தனை கன மீட்டர் என்று ஒருவர் விலை கேட்கப் போய்விடுகிறார். இதற்காகத்தான், ஒரு உறுப்பு எந்த அளவுக்கு முடிவாகியிருக்கிறது என்று எண்ணால் சொல்ல, எல்ஓடி என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். 100 என்றால் ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது, 200 என்றால் ஏறக்குறைய இந்த அளவு, 300 என்றால் அளந்து எடுத்துக்கொள்ளலாம், 400 என்றால் பட்டறையில் செய்யலாம், 500 என்றால் கட்டிய பின் சரிபார்த்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் ஒப்பந்தத்தில் 'மாடல் முழுவதும் எல்ஓடி 300' என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள், அதில்தான் அர்த்தம் கெடுகிறது. இது மொத்த மாடலுக்கு வைக்கிற மதிப்பெண் அல்ல, ஒவ்வொரு உறுப்புக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டியது. அதே மாடலில் காலம் 300இல் இருக்கும், குழாய் 200இல் இருக்கும், அதுதான் இயல்பு.

புதிதாகச் சேருகிறவர்களிடம் நான் கமாண்ட் எதையும் கேட்பதில்லை. ஒரு டேப்பைக் கொடுத்து அலுவலகத்திலேயே ஒரு பழைய அறையை அளந்து வரைந்து கொண்டுவரச் சொல்வேன். நாலு சுவரை மட்டும் அளந்துவிட்டு வந்து உட்காருவார்கள், நாலு பக்கம் தெரிந்தால் மட்டும் அந்த வடிவம் நிலையாக நிற்காது என்பது வரையும்போதுதான் உறைக்கும், ஒரு மூலைவிட்டமாவது வேண்டும். திரும்பப் போய் அளப்பார்கள். இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்துவரச் சொன்னால் இன்னும் சுவாரசியம், ஒன்றை வைத்து வரைந்தால் மற்றது பத்துப் பதினைந்து மில்லிமீட்டர் இடிக்கும். சிலர் எஃப்8 போட்டுச் செவ்வகமாக்கிக் கொண்டுவந்துவிடுவார்கள். சிலர் இடிக்கிறது என்று வந்து சொல்வார்கள். எப்போதாவது ஒருவர், சுவரைப் பூச்சுக்கு வெளியே அளப்பதா, ஸ்கர்ட்டிங்குக்கு மேலே அளப்பதா, இந்தப் படம் எதற்கு வேண்டும் என்று அளப்பதற்கு முன்பே கேட்பார். அவருக்கு ஆட்டோகேட் சுமாராகத் தெரிந்தாலும் பரவாயில்லை, வேலையில் எடுத்துக்கொள்ளலாம்.