ரேஸ் பைக்கா, ரேஸ் காரா: ஞாயிற்றுக்கிழமைச் சண்டை

அண்ணன் ஃபார்முலா 1 கார் கட்சி, தம்பி மோட்டோஜிபி பைக் கட்சி என்று ஒரு வீடு அமைந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கே நிம்மதி இருக்காது. ரிமோட் யார் கையில் என்று தொடங்கும் சண்டை, "உன் காரை என் பைக் தூக்கிச் சாப்பிட்டுரும்"ல் போய்த்தான் முட்டும். தம்பியின் போனில் ஆதாரம் தயாராக இருக்கும். ஆன்போர்டு வீடியோ, அதாவது பைக்கிலேயே பொருத்திய கேமரா எடுத்தது! உதறுகிற கேமரா, தரையைத் தேய்க்கும் முழங்கை, ஓரத்தில் 350 என்று ஓடுகிற எண். பார்க்கிறவருக்கே வயிற்றைக் கலக்கும். அண்ணன் காட்டுகிற கார் வீடியோவோ தண்டவாளத்தில் போகிற மாதிரி அலுங்காமல் போகும். அதனால் வீடியோவில் எப்போதும் பைக்தான் ஜெயிக்கும். ஸ்டாப்வாட்சைப் பார்த்தால்தான் வம்பு.

இரண்டு பந்தயமும் நடக்கிற டிராக் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் ஆஸ்டினில் இருக்கும் 'சர்க்யூட் ஆஃப் தி அமெரிக்காஸ்', ஒரு சுற்று 5.513 கிலோமீட்டர். 2019ல் வால்ட்டேரி போட்டாஸ் ஃபார்முலா 1 காரில் போல் பொசிஷனுக்கு (தகுதிச் சுற்றில் முதலிடம்) ஓட்டிய நேரம் 1 நிமிடம் 32.029 நொடி. 2024ல் அதே இடத்தில் மாவெரிக் வின்யாலெஸ் மோட்டோஜிபி பைக்கில் எடுத்தது 2 நிமிடம் 0.864 நொடி. கிட்டத்தட்ட 29 நொடி வித்தியாசம். சராசரி வேகமாகச் சொன்னால் காருக்கு மணிக்குச் சுமார் 216 கி.மீ., பைக்குக்கு 164. கூடவே ஓடினால் பைக் நான்காவது சுற்றை முடிப்பதற்குள் கார் பின்னால் வந்து ஹாரன் அடிக்கும். (ரேஸ் காரில் ஹாரன் கிடையாது என்பதால் அந்த அவமானம் மிச்சம்.)

தம்பி விடுவானா? "டாப் ஸ்பீடைப் பாருண்ணா!" பார்க்கலாம். 2023ல் இத்தாலியின் முஜெல்லோவில் பிராட் பிண்டர் பைக்கில் தொட்டது மணிக்கு 366.1 கி.மீ. காரில், 2016 மெக்சிகோ பந்தயத்தில் இதே போட்டாஸ் 372.5. அதிலும் மெக்சிகோ சிட்டி 2,200 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது, காற்று மெலிசு, எதிர்ப்புக் குறைவு. ஆக நேர்கோட்டில் இரண்டும் ஏறக்குறைய சமம்தான். பைக் 157 கிலோ, கவச உடையோடு ஓட்டுநர் ஒரு 75 கிலோ, சுமார் 300 குதிரைத்திறன். கார், 2025 விதிப்படி ஓட்டுநரையும் சேர்த்து 800 கிலோ, சுமார் 1,000 குதிரைத்திறன். வகுத்துப் பாருங்கள், கிலோவுக்குக் கிடைக்கும் திறன் இரண்டிலும் ஒன்றுதான், பைக்கில் ஒரு சிட்டிகை அதிகம்கூட.

அப்புறம் அந்த 29 நொடி எங்கே போகிறது? பெரும்பங்கு பிரேக்கிலும் வளைவிலும்.

பைக்கின் பிரேக்கைக் குறை சொல்ல முடியாது. 340, 355 மில்லிமீட்டர் கார்பன் டிஸ்க் போடுகிறார்கள், 2025 வரையிலான ஃபார்முலா 1 கார் டிஸ்க்கை விடப் பெரிசு. கோளாறு உயரத்தில். ஓட்டுநரோடு சேர்த்து எடை மையம் தரையிலிருந்து முக்கால் மீட்டருக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. இரண்டு சக்கரங்களுக்கு நடுவே உள்ள தூரமோ ஒன்றரை மீட்டருக்கும் குறைவு. பிரேக்கை 1.2 ஜி பக்கம் (ஒரு ஜி என்பது புவியீர்ப்பு அளவு விசை) தாண்டி அழுத்தினால் பின்சக்கரம் தரையை விட்டுக் கிளம்பிவிடும். ஆக்சிலரேட்டரைத் திருகும்போது இதே கணக்கு தலைகீழாகும்: ஒரு ஜி பக்கம் வந்ததும் முன்சக்கரம் மேலே. அதனால்தான் வண்டியைத் தாழ்த்தும் கருவி, இப்படி முன்சக்கரம் தூக்கும் வீலியை அடக்கும் எலக்ட்ரானிக்ஸ் எல்லாம். 340 கி.மீ. வேகத்திலிருந்து 90க்கு வர பைக்குக்குச் சுமார் 300 மீட்டர் வேண்டும். காருக்கு 120 மீட்டர் பக்கம் போதும். மீதித் தூரம் முழுக்க அது இன்னும் ஃபுல் திராட்டிலில் வந்துகொண்டிருக்கும். அந்த வேகத்தில் காரில் பெடலிலிருந்து காலை எடுத்தாலே காற்று மட்டும் ஒரு ஜி அளவுக்குப் பிடித்து இழுக்கும். நம் சாலைக் கார் சடன் பிரேக் போட்டால் கிடைப்பதே அவ்வளவுதான்.

வளைவு இன்னும் மோசம். 100 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவு என்று வையுங்கள். பைக் 60 டிகிரிக்கு மேல் சாய்ந்து, உள்ளங்கை அளவு ரப்பரை நம்பி, 1.5 ஜி பக்கவிசையில் போனால் மணிக்கு 138 கி.மீ. கார் அங்கே 3.5 ஜி தாங்கினால் 211. வேகம் கூடக் கூட இறக்கைகளும் அடித்தளமும் காரைத் தரையோடு அமுக்குவதால் அதிவேக வளைவில் 5 ஜிகூடப் போகும். "பைக்லயும்தான் இப்ப இறக்கை வெச்சிருக்காங்களே!" வைத்திருக்கிறார்கள். ஆனால் 60 டிகிரி சாய்ந்த பைக்கில் இறக்கையும் சேர்ந்து சாய்கிறது. அந்த விசையில் பாதிதான் தரையை அமுக்கும், அதைவிடப் பெரிய பங்கு பைக்கை வளைவுக்கு வெளியே தள்ளப் பார்க்கும். நேர்கோட்டில் வீலியை அடக்கவும் பிரேக்கில் நிதானம் தரவும்தான் அதற்குச் சம்பளம்.

இந்தச் சண்டையில் தம்பி செய்கிற தில்லுமுல்லுகளும் உண்டு. காரின் பந்தய நாள் சுற்று நேரத்தையும் பைக்கின் போல் நேரத்தையும் பக்கத்தில் வைப்பான். காருக்கு மழை நாளை எடுப்பான். அண்ணனும் சளைத்தவன் இல்லை, ஆஸ்திரியாவின் ரெட் புல் ரிங்கைக் காட்டுவான். அங்கே 2022 முதல் பைக்குகளுக்கென்று தனியாக ஒரு சிகேன் (வேகத்தைக் குறைக்கும் நெளிவு) போட்டிருக்கிறார்கள், கார் அந்த வழி போவதே இல்லை. டிராக் பெயர் ஒன்றாக இருந்தால் போதாது, பாதையும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் போல் நேரம், உலர்ந்த தரை, அப்படித்தான் ஒப்பிட வேண்டும்.

பைக்குக்குச் சரியான ஜோடி வேண்டுமானால் ஜிடி3 கார், அதாவது சாலை ஸ்போர்ட்ஸ் காரைப் பந்தயத்துக்கு மாற்றியது. 1,300 கிலோ பக்கம் எடை, 500 சொச்சம் குதிரைத்திறன், நேர்கோட்டில் பைக் அதைக் கிண்டல் செய்துவிட்டே போகும். ஆனாலும் ஆஸ்டினில் ஒரு சுற்று முடியும்போது ஜிடி3 சில நொடிதான் பின்தங்கியிருக்கும். நேர்கோட்டில் இழந்ததில் ஒரு பங்கை வளைவில் பிடுங்கிக்கொள்ளும். இந்தப் போட்டியைத்தான் டிவியில் காட்ட வேண்டும், யாரும் காட்டுவதில்லை.

ஓட்டுநரை மாற்றிப் பார்த்தும் ஆகிவிட்டது. 2019 டிசம்பரில் வலென்சியாவில் பைக் சாம்பியன் வாலண்டினோ ரோஸி மெர்சிடிஸ் காரிலும் கார் சாம்பியன் லூயிஸ் ஹாமில்டன் யமஹா பைக்கிலும் ஏறினார்கள். இருவரும் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள், வழக்கு அப்படியே நிற்கிறது. இரண்டிலும் உலக சாம்பியன் ஆனவர் ஜான் சர்டீஸ் ஒருவர்தான். கார் பட்டம் 1964ல்.

இவ்வளவு நேரம் பேப்பரை மடக்கி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த அப்பா கடைசியில் வாயைத் திறப்பார். "அதெல்லாம் இருக்கட்டும்டா, மைலேஜ் எவ்வளவு?" மோட்டோஜிபி பைக் 22 லிட்டர் டேங்கில் 110, 120 கிலோமீட்டர் பந்தயத்தை முடிக்கும்: லிட்டருக்கு 5. ஃபார்முலா 1 காருக்கு 2025 வரை 305 கிலோமீட்டருக்கு 110 கிலோ பெட்ரோல் வரம்பு, அதாவது 145 லிட்டருக்கும் மேலே: லிட்டருக்கு 2தான்.

"பாத்தியாண்ணா!" என்பான் தம்பி.