60 மில்லிகிராம் 38 ஆன கதை

செடில இருக்குற ஒரு மூலக்கூற லேப்ல படிப்படியா செஞ்சுட்டு இருக்கேன். நேத்து ரோட்டாவேப்ல (கரைப்பான ஆவியாக்கி எடுக்குற மெஷின்) வேக்குவத்த அவசரப்பட்டு ஏத்திட்டேன், பிளாஸ்க்ல இருந்தது சட்டுனு பொங்கி ட்ராப்புக்குள்ள (பொங்கி வர்றத புடிக்கற கண்ணாடிக் குமிழ்) ஏறிருச்சு. 11வது ஸ்டெப் காம்பவுண்டு, மூணு மாச வேலை. ட்ராப்ப கழுவி எடுத்து திரும்ப காலம் (கலவைய பிரிச்சு சுத்தம் பண்ற குழாய்) போட்டதுல 60 மில்லிகிராம் 38 ஆச்சு. வீட்டுல பொலம்புனா அண்ணன் கேக்குறான், "செடியே செஞ்சு வச்சிருக்கறத நீ எதுக்குடா திரும்ப செய்ற?"

கேள்வி நியாயம்தான். வேப்பங்கொட்டைல இருக்குற அசாடிராக்டின் இருக்கே, பூச்சிங்கள தின்ன விடாம பண்றது, அத 1968ல பிரிச்சு எடுத்தாங்க, ஆனா அதோட வடிவம் சரியா முடிவாகவே 1985 ஆயிருச்சு. லேப்ல முழுசா செஞ்சு முடிச்சது கேம்பிரிட்ஜ்ல ஸ்டீவன் லே குழு, 2007ல, 22 வருஷ உழைப்பு. ரெண்டு பாதியா செஞ்சுட்டு நடுவுல ஒட்டலாம்னு பாத்தா அந்த எடத்த சுத்தி ஒரே நெரிசல், கார்பனும் கார்பனும் சேரவே இல்ல. கடைசில ஆக்சிஜன் வழியா கோத்து, சூடு பண்ணி, கிளெய்சன் மறுசீரமைப்புங்கற வினைல பிணைப்ப கார்பனுக்கு நகத்திட்டாங்க. படிச்சப்ப எனக்கு புல்லரிச்சுது, நிஜமா.

ஆனா கணக்குன்னு ஒண்ணு இருக்கே. ஒரு ஸ்டெப்ல 80% ஈல்டு (கைக்கு கிடைக்கற அளவு) வந்தாலே நாங்க டீ வாங்கி குடுப்போம், அதே 80% 40 ஸ்டெப்புக்கு போனா கடைசில மிஞ்சறது 0.013%. அசாடிராக்டினுக்கு 60 ஸ்டெப்புக்கு மேல. அதனால பூச்சிமருந்துக்கு இன்னிக்கும் கொட்டையத்தான் பிழியணும்.

யூ மரப்பட்டைல இருக்குற புற்றுநோய் மருந்து டாக்ஸால் கதையும் இதேதான். 1994ல ஹோல்டன் குழுவும் நிக்கோலா குழுவும் முழுசா செஞ்சு காட்டுனாங்க, ஆனா மருந்துக்கு கைகொடுத்தது வேற வழி: யூ மரத்த பட்டைய உரிச்சு சாகடிக்காம, இன்னொரு வகை யூவோட ஊசி இலைலேர்ந்து மூலக்கூறோட மையக் கூட்ட மட்டும் எடுத்து பக்கச் சங்கிலிய லேப்ல மாட்டுறது. சங்கிலிய கொஞ்சம் மாத்தி மாட்டுனா டோசிடாக்சல்ங்கற இன்னொரு புற்றுநோய் மருந்து, அது மரத்துலயே கிடையாது! நான் அண்ணனுக்கு சொன்ன பதில் இதுதான்.

"அப்ப நீயும் பாதிய செடிகிட்டயே வாங்கிக்கயேன்"னுட்டான்.

என் மூலக்கூறுக்கு அப்படி பாதி குடுக்குற செடி எதுவும் சிக்கலயே. 38 மில்லிகிராம் 12வது ஸ்டெப்புக்கு பத்தாது, திங்கக்கிழமை 1ல இருந்து திரும்ப ஆரம்பிக்கணும்.