படித்துக் காட்டிய பிறகு கையெழுத்து

"வார்டின் மேட்டுப் பகுதியில் குடிநீர் இல்லாத வீடுகள் உள்ளன. கூடுதல் இணைப்புகள் கொடுக்க வேண்டும்."

போன வருடம் எங்கள் வார்டு கிராமசபையின் மினிட்ஸ் (கூட்டக் குறிப்பு) புத்தகத்தில் மலையாளத்தில் எழுதியிருந்த இரண்டு வரிகள் இவை. அதே புத்தகத்தில், வந்தவர்கள் பட்டியலில் என் கையெழுத்தும் இருக்கிறது. ஆனால் நாங்கள் கேட்டது இதை இல்லை. இந்த இரண்டு வரிகளால் எங்கள் தெருவுக்கு இருந்த கொஞ்சம் தண்ணீரும் போயிற்று. எப்படி என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எல்லையோரத்தில் இருக்கிற மற்ற வார்டுக்காரர்களுக்கும் உதவும் என்று நினைக்கிறேன்.

நான் இருப்பது பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரம். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து 19 வருடம் ஆகிறது. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் தமிழ்தான். பஸ் போர்டு மலையாளம், ரேசன் கடையில் இரண்டும் ஓடும், கள்ளுக்காரர்களும் தென்னந்தோப்புக் கணக்குப்பிள்ளைகளும் எதிரில் நிற்பவரைப் பார்த்து மொழியை மாற்றிக்கொள்வார்கள். பேச்சில் யாருக்கும் சிக்கல் இல்லை. எழுத்தில்தான் சிக்கல். என் மாமியாருக்கு மலையாளம் நன்றாகப் பேச வரும், ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. எனக்கும் பெரியவள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது அவள் புத்தகத்தை வைத்துக்கொண்டு கூடவே படித்ததால்தான் எழுத்து பழகியது. அதனால்தான் எங்கள் அயல்கூட்டத்தில் (அக்கம்பக்கத்துப் பெண்களின் சுயஉதவிக் குழு) என்னைச் செக்ரட்டரி ஆக்கினார்கள். ஆறு வருடமாக அந்தப் புத்தகங்களை நான்தான் எழுதுகிறேன்.

கிராமசபை என்றால் என் பிறந்த ஊரில் ஊர் முழுக்க ஒரே கூட்டம். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி என்று நாள் குறித்திருப்பார்கள். 2022லிருந்து மார்ச் 22, நவம்பர் 1 இரண்டும் சேர்ந்து ஆறு ஆகிவிட்டது. இங்கே அப்படி இல்லை. ஒவ்வொரு வார்டுக்கும் தனி கிராமசபை. வார்டு மெம்பர்தான் கூட்டத்தைக் கூட்ட வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது. வார்டின் ஓட்டுக்காரர்களில் பத்தில் ஒருவர் வந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லும். இரண்டு மாநிலத்துப் பஞ்சாயத்துச் சட்டமும் 1994இல் வந்தவைதான், ஆனால் ஓட்டம் வேறு. எனக்கு இங்கத்து முறைதான் பிடித்திருக்கிறது. ஊர் முழுக்கக் கூடினால் எங்கள் 23 வீட்டுப் பேச்சு எங்கே எடுபடும்? வார்டு அளவில் கூடும்போது ஆத்தாக்கள்கூட எழுந்து நின்று பேசுகிறார்கள். வீடு, கழிப்பறை, ஆடு, கோழி என்று எந்தத் திட்டம் வந்தாலும் யாருக்கு முதலில் என்ற வரிசையைத் தயாரிக்கிற உரிமையும் இந்தச் சபைக்குத்தான் இருக்கிறது.

அவ்வளவு பெரிய உரிமையை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்றால், அயல்கூட்டத்தில் "வீட்டுக்கு ஒரு ஆள் கட்டாயம் வரணும்" என்று சொல்லி அனுப்புவோம். எல்லோரும் வருவார்கள், வாசலில் கையெழுத்துப் போடுவார்கள், ஒரு டீ, அப்புறம் வெயில் தாழ்வதற்குள் கிளம்பிவிடுவார்கள். தொழிலுறப்பு (வேலை உறுதித் திட்டம்) வேலை முடிந்து நேரே வருகிறவர்களை அதற்குக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. வீட்டில் மாடு நிற்கும்.

இனி தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். பாலக்காட்டுக் கணவாய் என்றாலே மழை என்று நினைப்பவர்கள் எங்கள் பக்கம் ஏப்ரலில் வந்து பார்க்க வேண்டும். கேரளத்திலேயே மழை குறைந்த இடங்களில் ஒன்று இந்தக் கிழக்கு ஓரம். பனைமரமும் கடலைக்காடும் இருக்கிற ஊரில் தண்ணீர் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. சித்தூர் பிளாக்கை நிலத்தடி நீர் அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்ட இடம் என்று மத்திய நிலத்தடி நீர் வாரியமே பல வருடம் குறித்து வைத்திருந்தது. போர் போட்டால் புகைதான் வரும் என்பது இங்கே சாதாரணப் பேச்சு. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம் கையெழுத்தானது 1970இல். அதன்படி வருடத்துக்கு 7.25 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடி) தண்ணீர் மணக்கடவு வழியாகச் சித்தூர்ப்புழைக்கு வர வேண்டும். அந்த ஆழியாற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவள் நான். எல்லை தாண்டி வந்த பிறகும் அதே ஆற்றை எதிர்பார்த்துத்தான் இருக்கிறேன். டீக்கடையில் உட்கார்ந்தால் டிஎம்சி கணக்கை எல்லோரும் சொல்வார்கள். எங்கள் தெருவுக்குத் தண்ணீர் விடுகிற வால்வு எந்த முக்கில் இருக்கிறது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. இது எனக்கு ரொம்ப நாளாக மனசில் உறுத்திக்கொண்டிருந்த விஷயம்.

எங்கள் மேட்டுத் தெருவில் 23 வீடு. எல்லா வீட்டு வாசலிலும் குழாய் உண்டு. டேங்கிலிருந்து வருகிற பைப் முதலில் பள்ளத் தெரு முழுக்கச் சுற்றிவிட்டு, கடைசியில் மாரியம்மன் கோயில் பக்கத்தில் திரும்பி எங்கள் மேட்டுக்கு ஏறுகிறது. கீழே எல்லாக் குழாயும் திறந்திருக்கும்வரை மேலே ஒரு சொட்டும் ஏறாது. கீழே அண்டாவும் தொட்டியும் நிறைந்து ஒவ்வொருவராக அடைத்த பிறகு, மேலே நூல் மாதிரி வர ஆரம்பிக்கும். அரை மணி நேரம் வரும். அதற்குள் டேங்கில் வால்வை மூடிவிடுவார்கள். அந்த அரை மணி நேரத்தில் ஐந்தாறு குடம் கிடைக்கும்.

போன வருடக் கூட்டத்தில் இதைத்தான் எங்கள் தெருக்கோடி ஆத்தா எழுந்து சொன்னார். "ஏனுங்க சார், கொழாய் இருக்குதுங்க. தண்ணிதான் மேலே ஏற மாட்டேங்குது. எங்க மேட்டு வீட்டுக்கெல்லாம் தண்ணியே இல்லீங்க." நல்ல தெளிவான பேச்சு. எனக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். மினிட்ஸ் எழுத வந்தவர் வேறு மாவட்டத்துக்காரர், இங்கே மாற்றலாகி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. தலையாட்டிக்கொண்டே எழுதினார். எங்களுக்கு நிம்மதி. எழுதிவிட்டார் அல்லவா.

ஏழெட்டு மாதம் கழித்துப் பள்ளத் தெருவிலும் அதற்கு அடுத்த சந்திலும் ரோட்டைத் தோண்டினார்கள். மேட்டில் எல்லா வீட்டிலும் குழாய் இருந்ததால், கீழே குழாய் இல்லாத வீடுகளுக்கு 11 புது இணைப்பு. குழாய் கிடைத்த அந்த வீட்டுக்காரர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர்களும் குடம் தூக்கியவர்கள்தான். ஆனால் அதே பைப்பில் இன்னும் 11 குழாய் சேர்ந்தால் மேட்டுக்கு என்ன மிஞ்சும்? அந்த நூல் தண்ணீரும் நின்றது. லாரித் தண்ணீர் வாங்க ஆரம்பித்தோம்.

யாராவது சொந்தக்காரர்களுக்காக மாற்றி எழுதியிருப்பார்கள் என்று தெருவில் பேச்சு. எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. சரி, பார்த்துவிடுவோம் என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் மினிட்ஸ் நகல் கேட்டேன். 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம், அதற்குள் வந்தும்விட்டது. இரவு சாப்பாடு முடிந்து பெரியவளோடு உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தது. அந்த வரிக்கு வந்ததும் அவள்தான் முதலில் நிறுத்தினாள். "அம்மா, ஆத்தா சொன்னது குழாயில் தண்ணி வரலைன்னு. இதுல குழாயே இல்லைன்னு எழுதியிருக்கு."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. யாரும் மாற்றவில்லை. "மேட்டு வீட்டுக்கெல்லாம் தண்ணியே இல்லீங்க" என்ற கடைசி வாக்கியம்தான் அவர் காதில் விழுந்திருக்கிறது. முன்னால் சொன்ன இரண்டும் எங்கள் கொங்குப் பேச்சு வேகத்தில் போய்விட்டன. கெட்ட எண்ணத்தால் நடந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். நல்ல மனிதர் ஒருவர் நல்ல மனசோடு எழுதிய வரி எங்களைத் தண்ணீர் இல்லாமல் ஆக்கிவிட்டது என்பதுதான் எனக்கு அன்றைக்குத் தூக்கம் வராமல் செய்தது. எழுதியதை ஒரு முறை வாய்விட்டுப் படித்திருந்தால், அந்த நிமிடமே ஆத்தா "அப்படி இல்லீங்க" என்று சொல்லியிருப்பார்.

மொழி உரிமை பற்றியும் சொல்ல வேண்டும், பலருக்குத் தெரியவில்லை. நம் குறையை எந்த அதிகாரிக்கும் மாநிலத்தில் புழங்குகிற எந்த மொழியிலும் எழுதிக் கொடுக்கலாம் என்று அரசியல் சட்டத்தின் 350ஆவது பிரிவு சொல்கிறது. கேரளத்தின் 1969ஆம் வருட ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே அரசுக்கு எழுதலாம், பதிலும் அந்த மொழியிலேயே வர வேண்டும் என்கிறது. இத்தனை இருந்தும் ஓர் அலுவலகத்தில் என் தமிழ் மனுவை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு "மலையாளத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றார்கள். அன்றைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். எனக்கு எழுத வரும், அதனால் முடிந்தது. என் மாமியார் போயிருந்தால் திரும்பி வந்திருப்பார்.

சரி, இந்த முறை என்ன செய்தோம் என்று சொல்கிறேன். ஜனவரி பிறந்ததும் அயல்கூட்டத்தில் பேசி, 23 வீட்டிலும் நாள்காட்டியில் தண்ணீர் வந்த நாளுக்கு ஒரு வட்டம், எத்தனை குடம் என்று ஓர் எண், இரண்டும் குறிக்கச் சொன்னோம். 31 நாளில் எங்கள் வீட்டில் நான்கு வட்டம். மேல்கோடி வீட்டில் ஒன்றே ஒன்று, அதுவும் இரண்டு குடம். அப்புறம் வால்வு திறக்கிற அண்ணனைத் தேடிப் பிடித்தேன். இத்தனை நாளில் யாரும் அவரிடம் போய்ப் பேசவில்லை. கோயில் முக்கில் பைப் திரும்புகிற இடத்தைக் காலால் தட்டிக் காட்டி, "இங்கே ஒரு வால்வு வெச்சாப் போதும் அம்மிணி. ஒரு மணி நேரம் கீழே அடைச்சிட்டு மேலே மட்டும் விட்டுருவேன்" என்றார். அவ்வளவுதான் தேவை. புது டேங்க் வேண்டாம், புது போர் வேண்டாம்.

அவர் சொன்னதை ஒரே வாக்கியமாகத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி 23 வீட்டிலும் கையெழுத்து வாங்கினோம். புது மெம்பர் அக்கா இந்த ஊரில் பிறந்தவர், இரண்டு மொழியும் எழுதப் படிக்கத் தெரிந்தவர். கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "அக்கா, கடைசியில் மினிட்ஸைத் தமிழில் படித்துக் காட்டணும். இந்தத் தடவை கையெழுத்தை வாசலில் போடாமல் அதுக்கப்புறம் போடறோம்." அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். கோரம் கணக்குக்குக் கையெழுத்து முதலிலேயே வேண்டுமே என்றார். சரியான கேள்விதான். கடைசியில், வருகைக்கு வாசலில் ஒரு கையெழுத்து, படித்துக் காட்டிய பிறகு தீர்மானத்துக்குக் கீழே விருப்பமுள்ளவர்கள் இன்னொரு கையெழுத்து என்று முடிவானது.

கூட்டத்தில் தெருவிளக்கு வந்தது, நாய்த் தொல்லை வந்தது, வீட்டுக் குப்பை எடுக்க வருகிற ஹரித கர்ம சேனைக்குக் கொடுக்கிற 50 ரூபாயைப் பற்றி வழக்கமான வாக்குவாதம் வந்தது. எங்கள் முறை வந்தபோது நான் பேசவில்லை, ஆத்தாவையே பேசச் சொன்னேன். நாள்காட்டித் தாள்களைத் தூக்கிக் காட்டினார். முடிந்ததும் மெம்பர் அக்கா மைக்கைப் பிடித்து மினிட்ஸை வரி வரியாகத் தமிழில் சொன்னார். எட்டு நிமிடம் ஆனது. கிளம்ப நின்றவர்கள்கூட உட்கார்ந்துவிட்டார்கள். அந்த எட்டு நிமிடத்தில் மூன்று திருத்தம். தெருவிளக்கு கேட்ட இடம் மாறியிருந்தது. தொழுவம் கட்ட உதவி கேட்ட ஒருவரின் வீட்டுப் பெயர் தப்பாக இருந்தது. எங்கள் வரியில் "வால்வு" இருந்தது, "தனி நேரம்" விட்டுப்போயிருந்தது. ஆத்தாதான் எழுந்தார். "வால்வு வெச்சா யாரு, எப்போ தொறக்கறது? அதையும் எழுதுங்க சார்." எழுத வந்தவர் உடனே சேர்த்து, மறுபடியும் படித்துக் காட்டினார்.

வால்வு இன்னும் வரவில்லை. திட்டப் பட்டியலில் 14ஆவதாக இருக்கிறது. மார்ச்சில் எங்கள் வீட்டு நாள்காட்டியில் மூன்று வட்டம். ஏப்ரல் தாளை நேற்று எல்லா வீட்டுக்கும் கொடுத்துவிட்டு வந்தேன். பள்ளத் தெரு அயல்கூட்டத்திலிருந்து இரண்டு பேர் வந்து தங்களுக்கும் தாள் கேட்டார்கள். அவர்கள் சந்தில் சாக்கடைத் தண்ணீர் பைப்போடு கலக்கிறதாம். நாள் குறித்து வைத்துக்கொள்ளச் சொல்லி, மலையாளத்தில் எழுதித் தர ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.