அப்பாவின் தூண்

ஜூன் 4
கண்டி ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குக் கட்டில் கிடைத்துவிட்டது. ஜன்னலோரம். படுத்ததும் அப்பா கேட்டது, "படத்தக் கொண்டாந்தியா புள்ள?"

ஜூன் 5
மழை. ரிப்போர்ட் வர பத்து நாள் ஆகுமாம்.

ஜூன் 7
மதுரை மகால் தூணை அப்பா கட்டிப்பிடித்து நிற்கும் படம்தான். அவர் கை பாதித் தூணுக்குக்கூட எட்டவில்லை. இத்தனை வருஷம் பார்த்தும் இன்றுதான் கவனித்தேன், தூணின் மறு ஓரத்தில் நாலு விரல் தெரிகிறது, அத்தையுடையது. ஆளைக் காணோம், விரலும் கண்ணாடி வளையலும் மட்டும். இரண்டு பேரும் இரண்டு பக்கம் பிடித்தும் கை தொடவில்லையாம். திருமலை நாயக்கர் 1636இல் கட்டியது. தூணும் வளைவும் சேர்ந்து மேல்விளிம்பு வரை ஏறக்குறைய 20 மீட்டர். எல்லாம் செங்கல், அதன்மேல் முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு. "பீங்கான் கோப்ப மாதிரி வழுவழுன்னு இருந்திச்சி" என்று அப்பா போர்வையைத் தடவிக் காட்டினார். ட்ரிப் ஊசி குத்திய கை வீங்கியிருக்கிறது. நர்ஸ் மிஸியிடம் சொன்னேன், வந்து மாற்றினார்.

ஜூன் 8
கஞ்சியும் இறங்கவில்லை.

ஜூன் 9
பகல் பார்வை நேரம் முடிந்து சாயந்தரம் வரை எங்கே போவது? புத்தரின் பல் இருக்கிற தலதா மாளிகைக்கு நடந்தேன். அங்கே ராஜாக்களின் சபை மண்டபமான மகுல் மடுவவில் நெடுநேரம் நின்றேன். 1783இல் ராஜாதி ராஜசிங்கன் தொடங்கிய மண்டபம். இங்கே தூணெல்லாம் மரம், சுற்றிலும் செதுக்கல். கட்டிப்பிடித்தால் கை எட்டும் போலிருந்தது, ஆனால் காவலாளி பார்த்துக்கொண்டிருந்தார். 1739இலிருந்து கண்டியை ஆண்ட நாலு பேருமே நாயக்கர் வழி, ராணிகளும் மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். கடைசி ராஜாவைப் பிடித்தபின், 1815 மார்ச் 2, இதே மண்டபத்தில்தான் நாட்டை வெள்ளைக்காரனிடம் கொடுத்த ஒப்பந்தம். அடுத்த வருஷம் அவரை வேலூருக்குக் கொண்டுபோனார்கள், 1832இல் அங்கேயே செத்தார். போய்ச் சொன்னதும் அப்பா கண்ணை மூடிக்கொண்டு, "நம்ம அக்காவயும் அப்பிடித்தானே ஏத்தி அனுப்புனாங்க" என்றார். இந்தியாக்காரி என்று அத்தையைக் கப்பலேற்றிவிட்டார்கள், ஆனால் அவள் பிறந்தது நம் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில். அதற்கு முன் அவள் கடலையே பார்த்ததில்லை.

ஜூன் 10
அந்த விரல்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு வளையல் உடைந்திருக்கிறது.

ஜூன் 11
பெரிய டொக்டர் வந்தார். ஒப்பரேசன் என்றால் வயிற்றில் முக்கால்வாசி எடுக்க வேண்டி வரலாம் என்று சிங்களத்தில் சொன்னார், நான்தான் அப்பாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. முக்கால் என்ற சொல் வாயில் வரவில்லை, கொஞ்சம் என்றேன். எனக்கும் சிங்களம் தெரியும் புள்ள என்றார். அப்புறம் என்னைத் தேற்றுகிற மாதிரி, "மகால்லயும் கால்வாசிதானே மிச்சம்" என்றார். அது உண்மைதான். திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாதர் பெரும்பகுதியை இடித்துத் திருச்சிக்கு எடுத்துப்போனார். மகாலின் இரண்டு பகுதியில் ரங்க விலாசம் போய்விட்டது, சொர்க்க விலாசம் நிற்கிறது. அப்புறம் 1866 முதல் 1872 வரை மதராஸ் கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு பழுதுபார்க்காவிட்டால் அதுவும் போயிருக்கும். சொந்தப் பேரனுக்கு எப்படி மனசு வந்தது? ராத்திரி முழுக்க அந்த ஆள் மேல்தான் கோபம், வேறு யார் மேல் படுவது என்று தெரியவில்லை.

ஜூன் 12
தம்பி ஃபோன் எடுக்கவில்லை.

ஜூன் 13
இன்று நல்ல நாள். அரைக் கோப்பை பிளேன்டீ குடித்தார், சீனி போதாது என்று சண்டை வேறு. பக்கத்துக் கட்டில் ஐயாவுக்குப் படத்தைக் காட்டி, "இது எங்க அக்கா கை" என்றார். ஐயா விரல்களை எண்ணிப் பார்த்தார்.

ஜூன் 14
ரிப்போர்ட் நாளைக்கு. ஹட்டனிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். படத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டுவிட்டேன், மழை விடுகிற மாதிரி இல்லை.